பதினேழு ஏடும் ஒரு பானை ஓடும்

பங்குனி வெயிலில் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குக் கரிசற் காட்டு வழியே நடந்து பார்த்தவர்கள் அறிவார்கள். காலடியில் வெடித்த நிலம். அந்த வெடிப்புக்கு மேலே வெடித்த பருத்தி. கீழே கருமை, மேலே வெண்மை! குண்டாற்றில் மணல் காயும். ஊருணியில் சேறு பாளம் பாளமாகப் பிளக்கும். ஆயினும் வானம் பார்த்த அந்த மண், மனிதன் மானம் மறைக்க வேண்டிய பஞ்சைத் தர மறுத்ததில்லை. பஞ்சு நூலாகி, நூல் சேலையாகும் தறியோசை அருப்புக்கோட்டைத் தெருக்களுக்குப் பழகிய இசை.

இந்தப் பருத்தியைக் குறித்து 2,000 ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கிரேக்கன் எழுதி வைத்தான். இந்தியாவில் சில மரங்களில் ஆட்டுமயிர் பூக்கிறதாம்! அதைக் கொண்டு மெல்லிய துணி நெய்கிறார்களாம்! அலெக்சாந்தரின் படைவீரர்களோ அந்தப் பஞ்சை எடுத்துத் தலையணைக்குள் திணித்தார்களாம். பொதி சுமக்கும் விலங்குகளின் சேணத்துக்குள் அடைத்தார்களாம்! எழுதியவன் பெயர் ஸ்டிராபோ. இந்தியப் பருத்திக் காட்டை அவன் கண்ணால் கண்டதில்லை. அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவன் நியார்க்கஸ் விட்டுச் சென்ற குறிப்பைப் படித்து எழுதினான். அந்தக் குறிப்போ ஸ்டிராபோவின் காலத்திலேயே 300 ஆண்டுப் பழமையுடையது.

காணாததைக் கேட்டு எழுதுவதில் குற்றம் இல்லை. ஆனால், ஸ்டிராபோ அந்தப் பழைய ஏட்டைப் புரட்டிக் கொண்டிருந்த காலத்திலே, எகிப்தின் செங்கடல் துறையிலிருந்து 120 கப்பல்கள் வரை இந்தியாவுக்குப் போய்க் கொண்டிருந்தன. இந்தியாவைக் கண்ட மாலுமிகளும் வணிகர்களும் அந்தத் துறையிலே கூட்டங் கூட்டமாக இருந்தார்கள். 120 என்ற அந்தக் கணக்கை நமக்குச் சொன்னவனே ஸ்டிராபோதான்! கண்டவர்கள் கைக்கெட்டும் தொலைவில் இருக்க, மாண்டவர்களின் ஏட்டை நம்பிய இந்த அறிஞன் யார்? அவன் அறிவின் உயரம் என்ன, அந்த அறிவைத் தடுத்த சுவர் எது? பாண்டி நாட்டு மக்களாகிய நமக்கு இந்த வழக்கில் நேரடிப் பங்கு உண்டு. ஏனெனில், அந்தச் சுவரின் மறுபக்கத்தில் நிறுத்தப்பட்டவர்களில் நம் முன்னோரும் இருந்தார்கள்.

கருங்கடலின் தென்கரையில், இன்றைய துருக்கி நாட்டில், பாண்டஸ் என்றொரு பழைய அரசு இருந்தது. (பெயரைக் கேட்டதும் பாண்டி நாட்டோடு முடிச்சுப் போட்டுவிட வேண்டாம், தோழர்களே! ஒலி ஒற்றுமையைக் கொண்டு உறவு கொண்டாடும் வேலையைப் புராணிகர்களுக்கே விட்டுவிடுவோம்.) அந்நாட்டு அமாசியா நகரில் கி. மு. 64 அல்லது 63-ல் ஸ்டிராபோ பிறந்தான். அவன் பிறந்ததும் அவன் நாடு விழுந்ததும் ஏறக்குறைய ஒரே நேரம். ரோமாபுரியை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் எதிர்த்து நின்ற மித்ரிடேட்டஸ் மன்னன் கி. மு. 63-ல் மாண்டான், பாண்டஸ் ரோமரின் உடைமையாயிற்று.

ஸ்டிராபோவின் தாய்வழிக் குடும்பம் அந்த மன்னனின் அவையில் செல்வாக்குடன் விளங்கிய குடும்பம். உறவினர் சிலர் மன்னனுக்கே நண்பர். ஒருவர் மாநில ஆளுநர். அந்தக் குடும்பத்திலிருந்துதான் மன்னனைக் கைவிட்டவரும் வந்தார். உறவினரை மன்னன் கொன்றதால் வெகுண்ட ஸ்டிராபோவின் பாட்டனார், ரோமப் படைத் தலைவன் லுக்குல்லஸ் பக்கம் சாய்ந்து 15 கோட்டைகளை அவன் வசமாக்கினார். கைம்மாறாகப் பெரிய பரிசுகள் தருவதாக வாக்களிக்கப்பட்டது. பிறகு நடந்ததென்ன? லுக்குல்லஸ் போனான், பாம்ப்பே வந்தான். இருவரும் அரசியல் பகைவர்கள். லுக்குல்லசுக்கு உதவியவர் எல்லாம் எனக்குப் பகைவர் என்றான் பாம்ப்பே. வாக்குறுதி காற்றில் பறந்தது. கோட்டைகள் மட்டும் ரோமரிடம் தங்கின! அந்நியனுக்குக் கதவு திறந்துவிட்டுக் கைக்கூலிக்குக் காத்திருந்தவர்களின் கதை எல்லா நாட்டிலும் ஒன்றுபோலத்தான் முடிகிறது. ஸ்டிராபோ இதை மறைக்காமல் தன் நூலில் எழுதினான். பாட்டனாரைப் புகழவும் இல்லை, பழிக்கவும் இல்லை. அந்த நேர்மைக்காக அவனை மதிக்கலாம்.

'ஸ்டிராபோ' என்பது மாறுகண் உடையவர்களுக்கு ரோமர் வழங்கிய பெயர். இவனுக்கு அந்தக் குறை இருந்ததோ என்னவோ, வாழ்க்கை இவனுக்கு இரண்டு பார்வைகளைத் தந்தது. ஒரு கண் தோற்ற கிரேக்கத்தின் அறிவின்மீது. மறு கண் வென்ற ரோமாபுரியின் ஆற்றல்மீது. ரோமாபுரியில் இவனுக்குக் கற்பித்த டிரானியன் என்ற கிரேக்கப் புலவன், ரோமப் படையால் போர்க் கைதியாகப் பிடிக்கப்பட்டவன். பிடித்தவர்கள் அவனை 'விடுதலை' செய்து பெருமை தேடிக்கொண்டார்கள். சுதந்திரமாகப் பிறந்த புலவனுக்குச் சுதந்திரத்தைப் பிச்சையாகக் கொடுத்தல்! அப்படிப்பட்டவனிடம் பாடம் கேட்டவன்தான் ஸ்டிராபோ. ஆயினும் அவன் ஏட்டில் ரோமப் பேரரசைப் பற்றிப் புகழுரைகளே மிகுதி. அமைதி தந்தார்கள், கொள்ளையரை அடக்கினார்கள், சாலை போட்டார்கள் என்று அவன் அடுக்குவதைக் கேட்டால், 'வெள்ளைக்காரன் வந்துதானே ரயில் போட்டான்' என்று நம் ஊர்த் திண்ணைகளில் பேசிய பெரியவர்களின் குரல் காதில் ஒலிக்கிறது.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிட வேண்டும். பிரிட்டன் தீவை ரோமர் பிடிக்காதது சரியே என்று ஸ்டிராபோ கணக்குப் போட்டுக் காட்டினான். பிடித்தால் அங்கே ஒரு படைப்பிரிவும் கொஞ்சம் குதிரைப் படையும் நிறுத்த வேண்டும். அந்தச் செலவும் அங்கே கிடைக்கும் கப்பமும் சரிக்குச் சரியாகிவிடும். ஆதாயம் இல்லை என்றான். ஆதாயம் இல்லாத தீவு என்று அவன் தள்ளிய அதே தீவிலிருந்து வந்தவர்கள்தான் பிற்காலத்தில் நம்மிடம் கப்பம் வாங்கினார்கள்!

அவன் முதலில் எழுதியது வரலாறு. கி. மு. இரண்டாம் நூற்றாண்டில் பிணையாளியாக ரோமாபுரிக்குக் கொண்டு போகப்பட்ட பொலிபியஸ் என்ற கிரேக்கன், தன் நாட்டை விழுங்கிய பேரரசு எப்படி வளர்ந்தது என்று பெருநூல் ஒன்று எழுதியிருந்தான். அவன் நிறுத்திய இடத்திலிருந்து தொடங்கி ஸ்டிராபோ எழுதினான். மொத்தம் 47 பகுதிகள். ஒன்றும் மிஞ்சவில்லை. யூத வரலாற்றாசிரியன் ஜோசப்பஸ் போன்றவர்கள் எடுத்தாண்ட சில துணுக்குகள் மட்டுமே கிடைக்கின்றன. நமக்கு எஞ்சியது அவன் பின்னர் எழுதிய 'புவியியல்' என்ற நூல். 17 ஏடுகள், அவற்றில் ஏழாவதின் கடைப்பகுதி தவிர ஏறத்தாழ முழுவதும் கிடைத்துள்ளது. பதினைந்தாம் ஏடு இந்தியாவைப் பற்றியது.

'புவியியல்' என்றவுடன் மலைப்பெயரும் ஆற்றுப்பெயரும் மனப்பாடம் செய்யும் பள்ளிக்கூடப் பாடத்தை நினைக்க வேண்டாம். ஊர் ஊராகப் போகிறான்; அங்கே யார் ஆண்டார், யார் வீழ்ந்தார், என்ன விளைகிறது, எதை வணங்குகிறார்கள் என்று எழுதுகிறான். கி. மு. 29-ல் அவன் சென்ற கப்பல் கியாரஸ் என்ற சின்னஞ்சிறு தீவில் ஒதுங்கியது. மீன்பிடிக்கும் குடும்பங்கள் வாழும் ஒரு குக்கிராமம். கப்பல் புறப்படும்போது அந்த மீனவர்களில் ஒருவன் ஏறிக்கொண்டான். எங்கே போகிறாய் என்று கேட்டார்கள். கொரிந்து நகருக்கு வந்திருக்கும் பேரரசனைப் பார்க்கத் தூது போகிறேன் என்றான். எதற்கு? வரியைக் குறைக்கச் சொல்லிக் கேட்க! 100 திராக்மா கட்டுவதே கடினமாயிருக்க, 150 திராக்மா கேட்கிறார்களாம். ஆக்டியம் போரில் வென்று உலகை ஆளப் புறப்பட்டவன் முன்னே, 50 திராக்மாவைக் குறைக்கச் சொல்லி ஒரு மீனவன்! மழை பொய்த்த ஆண்டில் தீர்வையைத் தள்ளுபடி செய்யச் சொல்லி மனு எழுதிக்கொண்டு கச்சேரி வாசலில் காத்துக் கிடந்த கரிசற்காட்டுக் குடியானவனின் பேரன்மார்க்கு இந்த மீனவனை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அவனுக்கு வரி குறைந்ததா? ஸ்டிராபோ சொல்லவில்லை. ஆனால், அரசர்களும் படைத்தலைவர்களும் நிறைந்த ஏட்டில் பெயரற்ற அந்த மீனவனுக்கு அவன் இடம் கொடுத்தான். கண்ணெதிரே கண்டபோது ஸ்டிராபோவின் எழுத்தில் உயிர் இருந்தது என்பதற்கு இது சான்று.

இன்னும் இரு சான்றுகள் எகிப்தில் கிடைக்கின்றன. எகிப்தின் ரோம ஆளுநன் ஏலியஸ் காலஸ் ஸ்டிராபோவின் நண்பன். கி. மு. 25-ஐ ஒட்டி அவனோடு நைல் ஆற்றில் மேலே போய், தென் எல்லை வரை பார்த்து வந்தான். அங்கே ஓர் ஊரில் முதலை தெய்வம்! தனிக் குளத்தில் தனி முதலை. பூசாரிகள் அதற்குப் பணிவிடை. ஸ்டிராபோவை அழைத்துப் போனவர் படையலாக அடையும் வறுத்த இறைச்சியும் தேன் கலந்த மதுவும் கொண்டு போனார். பூசாரிகளில் இருவர் முதலையின் வாயைப் பிளந்தனர்; ஒருவர் அடையைத் திணித்தார், இறைச்சியைத் திணித்தார், மதுவை ஊற்றினார். தெய்வம் தண்ணீரில் குதித்து அக்கரைக்கு ஓடியது. அதற்குள் இன்னொரு பக்தர் படையலோடு வந்துவிட்டார். பூசாரிகள் குளத்தைச் சுற்றி ஓடி, அக்கரையில் தெய்வத்தைப் பிடித்து, மறுபடியும் வாயைப் பிளந்து ஊட்டினார்கள்! ஸ்டிராபோ இதை ஏளனச் சொல் ஒன்றுகூடச் சேர்க்காமல் எழுதினான். சேர்க்கத் தேவையும் இல்லை.

பிறகு தீப்ஸ் நகரில் மெம்னன் சிலை. விடியற்காலையில் சிலை ஒலி எழுப்பும் என்று பெயர். உலகெங்கிலுமிருந்து கூட்டம். ஆளுநனும் அவன் பரிவாரமும் படைவீரர்களும் சூழ ஸ்டிராபோ காத்து நின்றான். ஒலி கேட்டது! மற்றவர்கள் மெய்சிலிர்த்தனர். இவனோ, ஒலி பீடத்திலிருந்து வந்ததா, சிலையிலிருந்து வந்ததா, சுற்றி நின்றவர்களில் யாராவது வேண்டுமென்றே எழுப்பினார்களா என்று ஐயுற்றான். காரணம் உறுதியாகத் தெரியாத நிலையில், அடுக்கிய கற்களே ஓசை எழுப்பின என்பதைவிட வேறு எதையும் நம்பலாம் என்று எழுதினான். 1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று கிண்ணமும் கரண்டியுமாக ஓடிய நம் நாட்டுப் பட்டதாரிகளை எண்ணிப் பாருங்கள்! 2,000 ஆண்டுகளுக்கு முன்னே, ஆளுநன் பக்கத்தில் நிற்க, கூட்டம் கைகூப்பி நிற்க, யாராவது செய்திருக்கலாமே என்று ஐயுற்றவன் ஸ்டிராபோ.

இவ்வளவு தெளிவுடையவன் பகுத்தறிவாளன் என்று மாலை சூட்டிவிடலாமா? பொறுங்கள். அதே நூலின் முதல் ஏட்டில் அவன் எழுதியதையும் படிக்க வேண்டும். இடி, சூலம், தீவட்டி, பாம்பு என்று தெய்வங்களின் கையில் உள்ள படைக்கலங்கள் எல்லாம் கட்டுக்கதைகளே. சிறுபிள்ளை உள்ளம் படைத்தோரை அச்சுறுத்த, நாடு அமைத்தோர் நிறுத்திய பூச்சாண்டிகளே என்கிறான். ஆகா, என்ன துணிவு என்று நாம் கைதட்டத் தொடங்குமுன்பே, அடுத்த வாதத்தை வைக்கிறான்: பெண்களையும் பாமரக் கூட்டத்தையும் அறிவுரையால் நல்வழிப்படுத்த முடியாது, அவர்களுக்கு அச்சம் வேண்டும், அச்சத்துக்குக் கட்டுக்கதை வேண்டும்! பூச்சாண்டி பொய் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் பொய் என்பது மேலோருக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்பது அவன் கொள்கை. நம்பி ஏமாறுகிற வைதிகனைக்கூட மன்னித்துவிடலாம். நம்பாமலே பிறருக்குப் பரிந்துரைக்கிறவனை என்ன செய்வது?

ஹோமர் விஷயத்திலும் இப்படியே. நிலத்தின் சுற்றளவைக் கணக்கிட்ட அறிஞன் எரட்டாஸ்தனிஸ், காவியம் இன்பத்துக்கு எழுதப்பட்டது, அதிலே நில நூல் தேடாதே என்றான். காற்றையெல்லாம் பிடித்துத் தோற்பையில் அடைத்த கதை ஹோமரில் வருகிறது அல்லவா? அந்தப் பையைத் தைத்த தோல் தைப்பவனைக் கண்டுபிடி, பிறகு அந்தக் காவிய நாயகன் அலைந்த இடங்களைக் கண்டுபிடிக்கலாம் என்று நகைத்தான். ஸ்டிராபோவுக்குச் சினம் வந்தது. பக்கம் பக்கமாக மறுத்தான். காவியத்தில் உள்ள ஊருக்கெல்லாம் நிலப்படம் வரையும் பண்டிதர்கள் நம்மிடம் மட்டும் இல்லை போலும்.

இனி நம் வழக்குக்கு வருவோம். பதினைந்தாம் ஏட்டின் தொடக்கம். இந்தியாவைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் பொய்யர்கள் என்று அவன் முன்பே தீர்ப்புக் கூறியிருந்தான். காதை விரித்துப் படுத்து உறங்கும் மனிதர், வாயில்லா மனிதர், மூக்கில்லா மனிதர் என்று மெகஸ்தனிஸ் அளந்த கதைகளைக் கடுமையாகச் சாடினான். சரி, அப்படியானால் யாரை நம்புவது? நைல் வழியாகச் செங்கடலுக்குப் போய், அங்கிருந்து கப்பலேறி இந்தியா சென்று மீளும் வணிகர்கள் இருக்கிறார்களே! அவர்களைப் பற்றி எழுதுகிறான்: கங்கை வரை போனவர்கள் சிலரே, அவர்களும் சாதாரண ஆட்கள், தாம் கண்ட நாடுகளின் வரலாற்றை அறிய அவர்களால் பயனில்லை.

பயனில்லை! மிளகின் விலை தெரிந்தவன், காற்று திரும்பும் மாதம் தெரிந்தவன், எந்தத் துறையில் எந்த அரசன் சுங்கம் வாங்குகிறான் என்று தெரிந்தவன் — அவனால் பயனில்லை! ஏனென்றால் அவன் புலவன் அல்லன். பல்லக்கில் போகாதவன். இலக்கணம் படிக்காதவன்.

இப்படித் தள்ளிய அதே இடத்தில், அடுத்த சொற்றொடரிலேயே, நம் நாடு தலைகாட்டுகிறது. இந்தியாவிலிருந்து, ஓர் இடத்திலிருந்து, ஓர் அரசனிடமிருந்து அகஸ்டஸ் பேரரசனுக்குத் தூதும் பரிசும் வந்தன. அந்த அரசன் பாண்டியன், அல்லது போரஸ் என்று அவன் ஏட்டில் நிற்கிறது. பாண்டியன் அல்லது போரஸ்! மதுரையா பஞ்சாபா என்ற ஐயம், தோழர்களே! வைகைக்கும் சிந்துவுக்கும் இடைப்பட்ட தொலைவெல்லாம் 'அல்லது' என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டது. துறைமுகத்துச் சுமைகூலியைக் கேட்டிருந்தால்கூடத் தெளிவாகியிருக்கும். அவனோ, டமாஸ்கஸ் நகரத்து நிக்கோலஸ் என்ற மற்றொரு எழுத்தாளனின் குறிப்பைப் பார்த்தான். அந்தியோக்கியா அருகே இந்தியத் தூதரைக் கண்டதாக நிக்கோலஸ் எழுதியிருந்தான். பலர் புறப்பட்டு, வழிநடையின் நீளத்தால் மற்றவர் மாண்டு, மூவர் மட்டும் மிஞ்சினராம். தோலில் கிரேக்க மொழியில் எழுதிய மடல்; 600 மன்னருக்கு மேலானவன் என்று அதில் போரஸ் பெருமை பேசினானாம். பரிசுகளோ பாம்புகள், பெரிய ஆற்று ஆமை, கழுகினும் பெரிய கௌதாரி, பிறவியிலேயே கைகளில்லாத ஒரு மனிதன்! மனிதனைப் பரிசுப் பொருளாக அனுப்பிய மன்னனையும், அதை வியந்து எழுதிய புலவனையும் பற்றி என்ன சொல்ல! அந்தத் தூதோடு வந்த ஒருவன் ஏதன்ஸ் நகரில் உடம்பில் எண்ணெய் பூசிக்கொண்டு சிரித்தபடியே தீயில் குதித்து மாண்டான் என்றும் படிக்கிறோம். அவன் ஊர் பர்கோசா, அதாவது மேற்குக் கரைப் பரோச்சு. எனவே அந்தக் குழு தெற்கிலிருந்து வந்தது அன்று என்றே கருதத் தோன்றுகிறது. பாண்டியன் தூது வேறொன்றாக இருக்கலாம். இந்திய மன்னரின் தூதுகள் தன்னிடம் பலமுறை வந்தன என்று அகஸ்டசே எழுதி வைத்தான். ஆனால் பாண்டியன் தூதில் யார் போனார், என்ன பேசினார், எதைப் பெற்றார்? உலகப் பேரேட்டில் பாண்டி நாட்டுக்குக் கிடைத்தது ஒரு பெயரும் ஓர் 'அல்லது'வும்!

ஸ்டிராபோ தள்ளிய 'சாதாரண ஆள்' தன் பதிலைத் தானே எழுதினான். கி. பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில், எகிப்திலிருந்து கடலோடிய ஒரு கிரேக்க வணிகன் ஒரு வழிநூல் எழுதினான். எரித்திரியக் கடல் வழிநூல் என்று இன்று அதைக் குறிப்பிடுகிறோம். எழுதியவன் பெயர்கூட இல்லை. நடையிலே அழகு இல்லை. காவிய மேற்கோள் இல்லை. ஆனால் முசிறி சேரனுடையது, நெல்கிந்தா பாண்டியனுடையது என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறான். கொற்கையில் முத்துக் குளிப்பதைச் சொல்கிறான். அந்த முத்தை எடுக்கக் கடலுக்குள் இறக்கப்பட்டவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்றும் சொல்கிறான்! பாண்டியன் முத்து என்று நாம் பாடிப் பெருமைப்படும் அந்த முத்துக்குப் பின்னே மூச்சடக்கி மூழ்கிய கைதியை நமக்குக் காட்டியவன், வரலாற்றுக்குப் பயனற்றவன் என்று தள்ளப்பட்ட வணிகன். உறையூர் மெல்லிய துணியையும் அவன் மறக்கவில்லை. அங்கே 'மரத்தில் பூக்கும் ஆட்டுமயிர்' இல்லை. ஊரும் சரக்கும் உள்ளது உள்ளபடி இருக்கின்றன.

அந்நிய ஆட்சியின்கீழ் இருந்துகொண்டு வரலாறு எழுதுவது எளிதன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நம்மிடமும் அப்படி ஒருவர் இருந்தார். வி. கனகசபைப் பிள்ளை. வெள்ளையர் ஆட்சியில் அஞ்சல் துறையில் வேலை. 1904-ல் 'ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகட்கு முற்பட்ட தமிழகம்' என்ற பொருள்படும் நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார், 1906-ல் மறைந்தார். ஆளுவோர் மொழியில் எழுதினால்தான் ஆளுவோர் காது கேட்கும் என்ற நிலை ஸ்டிராபோவுக்கு இல்லை. ரோமரே கிரேக்கம் படித்தார்கள். கனகசபையாருக்கு அந்த நிலை இருந்தது. அவர் செய்த நற்செயல், கிரேக்க, ரோம ஏடுகளை ஒரு கையிலும் சங்கத் தமிழ் ஏடுகளை மறு கையிலும் பிடித்து ஒப்பிட்டது. அந்த வழிநூலின் துறைகளையும் தாலமியின் ஊர்களையும் தமிழ்ப் பெயர்களோடு பொருத்திப் பார்த்தார். அவர் கணித்த காலங்களிலும் இடங்களிலும் பின்னர் திருத்தப்பட்டவை உண்டு. ஆயினும் தமிழனுக்கு வரலாறு உண்டு, அது புராணத்தில் இல்லை, துறைமுகத்திலும் இலக்கியத்திலும் இருக்கிறது என்று காட்டியவர்களில் அவர் முன்னோடி. அவர் காலத்தில் இல்லாதது ஒன்றே ஒன்று: மண்ணுக்கு அடியிலிருந்து வரும் சான்று.

அந்தச் சான்று பிறகு வந்தது. வைகை கடலில் கலக்கும் இடத்தருகே அழகன்குளத்தில் ரோமக் காசுகளும், கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் கிடைத்தன. கீழடியில் பானை ஓடுகளில் ஆதன் என்ற பெயர் கிடைத்தது. நம் விருதுநகர் மாவட்டத்திலேயே, வெம்பக்கோட்டையை அடுத்த விஜயகரிசல்குளத்து மேட்டை 2022 முதல் தோண்டி, சங்கு வளையல்களும் மணிகளும் எடுத்தார்கள். கரிசலுக்கு அடியிலும் ஊர் இருந்தது!

ஆனால் ஸ்டிராபோவுக்கு நேரடியான மறுமொழி வந்தது எகிப்திலிருந்து. நைல் கரைக் கோப்டஸ் நகரிலிருந்து செங்கடல் துறைக்குப் பாலைவனத்தில் ஆறேழு நாள் பயணம் என்று அவனே எழுதியிருக்கிறான். முற்காலத்தில் வணிகர் ஒட்டகத்தில் தண்ணீரைச் சுமந்துகொண்டு, விண்மீனைப் பார்த்து இரவிலே நடப்பார்களாம்; பின்னர் வழியெல்லாம் ஆழக் கிணறு தோண்டி, அரிதாகப் பெய்யும் மழைநீரையும் தேக்கித் தொட்டி கட்டினார்களாம். ஊருணி வெட்டி உயிர் வாழும் திருச்சுழிச் சீமைக்கு அந்தப் பாலைவழி அந்நியமாகத் தோன்றாது. அந்த வழியின் முடிவில் இருந்த துறைதான் மயோஸ் ஹார்மோஸ், ஸ்டிராபோ சொன்ன 120 கப்பல்களின் துறை. இன்று அந்த இடத்தின் பெயர் குசேர் அல்-காதிம். 1978-க்குப் பிறகு அமெரிக்க அறிஞர்கள் தோண்டியபோது தமிழ் பிராமி எழுத்தில் கணன், சாதன் என்ற பெயர்கள் கீறிய ஓடுகள் கிடைத்தன. தெற்கே பெரெனிகே துறையில் 1995-ல் கொற்றபூமான் என்ற பெயர் கிடைத்தது. இந்தியப் பருத்தித் துணியின் துண்டுகளும் இந்தத் துறைகளின் மணலில் மட்காமல் கிடந்தன.

கணன் யார்? சாதன் யார்? அரசர் அல்லர், தூதர் அல்லர், 600 மன்னருக்குத் தலைவர் அல்லர். தன் பானை தனக்கு என்று பெயர் கீறி வைத்த சாதாரண ஆட்கள். தன் நூல் ஒரு பெருஞ்சிலை போன்றது, அதில் நுணுக்கத்தைப் பார்க்காதே, மொத்தத்தைப் பார் என்று ஸ்டிராபோ தற்பெருமையோடு எழுதினான். படைத் தலைவர்க்கும் ஆட்சியாளர்க்கும் பயன்படும் நூல் என்றும் சொல்லிக்கொண்டான். கி. பி. 23-க்குப் பின் ஏதோ ஓர் ஆண்டில் அவன் மறைந்தான். அந்தப் பெருஞ்சிலையை ரோமர் ஏறிட்டும் பார்க்கவில்லை. ஊர்ப்பெயர்களைத் தேடித் தேடித் தொகுத்த பிளினிகூட அவன் பெயரைச் சொல்லவில்லை. சிலை நூற்றாண்டுகள் கழித்துத்தான் மதிப்புப் பெற்றது. அவன் வரலாற்று நூல் 47 பகுதிகளும் அழிந்தன. பானை ஓடு அழியவில்லை.

அதே குசேரில் இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் தோண்டி எடுத்த ஓர் உடைந்த தாழியின் எழுத்தை, 2007-ல் ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னார். கி. மு. முதல் நூற்றாண்டு என்று கணித்தார். இந்தியாவில் வனைந்த தாழி அது. அதில் இருப்பது மன்னன் பெயரன்று, கடவுள் பெயருமன்று: பானை ஒறி. கயிற்று வலையில் தொங்கவிடும் பானை என்று பொருள். உறி! கரிசற்காட்டு வீட்டில், பூனைக்கு எட்டாமல் மோரும் வெண்ணெயும் வைக்க விட்டத்தில் தொங்கும் அதே உறி. அதை எழுதியவன் ஒரு முறையோடு நிறுத்தவில்லை. பானையைத் திருப்பினால், எதிர்ப்பக்கத்திலும் அதே சொல்லை எழுதியிருக்கிறான்.